இன்ஸ்டால்.பேட்: டாஸ் காலச் சாகச விளையாட்டு ஹார்டு டிஸ்க்குக்குக் குடியேறிய விதம்

ஸ்பேஸ் குவெஸ்ட் 1986இல் வந்தது. மார்க் க்ரோ, ஸ்காட் மர்ஃபி என்ற இருவர் கலிஃபோர்னியாவின் சியரா ஆன்-லைன் நிறுவனத்துக்காக உருவாக்கிய விண்வெளிச் சாகச விளையாட்டு. ஐபிஎம் கணினிக்கான பதிப்பு 360 கேபி கொள்ளும் ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பிகளில் விற்பனையானது. ஹார்டு டிஸ்க் வைத்திருந்தவர்கள் அதை அங்கே ஏற்றிக்கொண்டு விளையாட விரும்பினார்கள். ஏற்றுவது என்றால் என்ன? எல்லா ஃப்ளாப்பிகளிலும் உள்ள கோப்புகளை ஒரே டைரக்டரிக்குள் நகலெடுக்க வேண்டும், அவ்வளவுதான். பதிவேடு கிடையாது, உரிமம் ஏற்கும் பெட்டி கிடையாது, இணையச் சரிபார்ப்பு கிடையாது.

கட்டளைகளை வரிவரியாக எழுதிவைத்த உரைக் கோப்புக்குப் பேட்ச் கோப்பு என்று பெயர்; அதன் பெயர் .பேட் என்று முடியும். பத்துப் பதினைந்து வரிப் பேட்ச் கோப்பு ஒன்று செய்து முடிக்கக்கூடிய வேலை. ஆனாலும் அந்தக் காலத்து நிறுவல் குறிப்புகளைப் படித்தால் விசித்திரமான சுற்றுவழிகள் தென்படும். முதலில் ஒரு கோப்பு இன்னொரு கோப்பை ஹார்டு டிஸ்க்கில் போட்டுவிட்டு அதனிடம் பொறுப்பைக் கொடுக்கும். எல்லா ஃப்ளாப்பியிலும் ஒரே இன்ஸ்டால்.பேட் திரும்பத் திரும்ப இருக்கும். பட்டியலைக் காட்டிவிட்டு நிரல் முடிந்துபோகும், அப்புறம் நாம் "2" என்று தட்ட வேண்டும். இவையெல்லாம் எழுதியவரின் கிறுக்குத்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொன்றும், அக்கால இயங்குதளமான டாஸின் கமாண்ட்.காம் என்ற கட்டளை வாசிப்பான் எப்படி வேலை செய்தது என்பதிலிருந்து நேராகப் பிறந்தது. ஸ்பேஸ் குவெஸ்ட் வகை விளையாட்டை எடுத்துக்கொண்டு அதைத்தான் பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

நிறுவலே இல்லாத காலம்

ஐபிஎம் பிசி 1981 ஆகஸ்டில் அறிமுகமானபோது அதற்கென விற்கப்பட்ட முதல் மென்பொருள்களில் மைக்ரோசாஃப்ட் அட்வெஞ்சரும் ஒன்று. அந்த ஃப்ளாப்பியைப் போட்டுக் கணினியை இயக்கினால் நேராக விளையாட்டு தொடங்கும். டாஸ் என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. 1984இல் வந்த கிங்ஸ் குவெஸ்ட்டும் அப்படித்தான். ராபர்ட்டா வில்லியம்ஸ் வடிவமைத்த அந்த விளையாட்டை சியரா ஐபிஎம்மின் பிசிஜூனியர் கணினிக்காகச் செய்தது. 128 கேபி நினைவகம் போதும். ஃப்ளாப்பியிலிருந்தே கணினி எழும்பும். டாஸில் அந்த ஃப்ளாப்பியைத் திறந்து கோப்புப் பட்டியல் கேட்டால் உருப்படியாக எதுவும் வராது. நகலெடுக்கக் கோப்பே இல்லாதபோது நிறுவுவது எதை?

பிசிஜூனியர் 1985 மார்ச்சில் கைவிடப்பட்டது. அதன் படக் காட்சி முறையை நகலெடுத்து வந்த டாண்டி 1000 என்ற கணினி நன்றாக விற்றது. இன்னொரு பக்கம், 1983 மார்ச்சிலேயே 10 எம்பி ஹார்டு டிஸ்க்கோடு பிசி எக்ஸ்டியும், அதனுடன் டாஸ் 2.0வும் வந்திருந்தன. இந்த 2.0 நம் கதைக்கு முக்கியம். டைரக்டரிகள் அதில்தான் வந்தன. பேட்ச் கோப்பு என்பது முதல் பதிப்பிலிருந்தே இருந்தாலும் அதற்கு அதுவரை ரெம், பாஸ் என்ற இரண்டு சொற்களும் %1 போன்ற இடநிரப்பிகளும் மட்டுமே தெரியும். எக்கோ, இஃப், கோட்டூ, ஃபார், ஷிஃப்ட் எல்லாம் 2.0 கொண்டுவந்தவை. ஹார்டு டிஸ்க், டைரக்டரி, நிபந்தனை சொல்லத் தெரிந்த பேட்ச் மொழி ஆகிய மூன்றும் ஒரே நாளில் வந்தன என்றுகூடச் சொல்லலாம்.

ஃப்ளாப்பிக்குள் என்ன இருந்தது

கிங்ஸ் குவெஸ்ட்டுக்காக எழுதிய இயந்திரத்தை, அதாவது விளையாட்டை ஓட்டும் அடிப்படை நிரலை, சியரா பிறகு ஏஜிஐ என்ற பொது இயந்திரமாக்கி, டாஸ் கோப்புகளாகவே விளையாட்டுகளை வெளியிட ஆரம்பித்தது. ஸ்பேஸ் குவெஸ்ட் அந்த வகை. கோப்புப் பட்டியலைப் பார்த்தால் அமைப்பு தெளிவாகப் புரியும். வோல்.0, வோல்.1, வோல்.2 என்று பெரிய கோப்புகள் சில. படம், ஒலி, பாத்திர அசைவு, விளையாட்டின் தர்க்கம் எல்லாம் இவற்றுக்குள்தான் அடைந்து கிடந்தன. லாக்டிர், பிக்டிர், வியூடிர், எஸ்என்டிடிர் என்ற நான்கு சிறிய கோப்புகள் அவற்றுக்கான அட்டவணை. வேர்ட்ஸ்.டாக் என்பது விளையாட்டுக்குப் புரியும் ஆங்கிலச் சொற்களின் அகராதி. ஆப்ஜெக்ட் கோப்பில் கையில் எடுத்துக்கொள்ளும் பொருள்கள். அதற்கு மேல் ஈஜிஏ, சிஜிஏ, ஹெர்குலிஸ், பிசிஜூனியர் என்று ஒவ்வொரு காட்சி அட்டைக்கும் தனித்தனி ஓவிஎல் கோப்பு. ஹெர்குலிஸுக்கு மட்டும் எழுத்துருவும் தனியாக உண்டு.

அட்டவணைக் கோப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்றே பைட்டுகள். அதில் முதல் நான்கு பிட்டுகள் எந்த வோல் கோப்பு என்று சொல்லும். மீதி இருபது பிட்டுகள் அந்தக் கோப்புக்குள் எத்தனையாவது பைட்டில் ஆரம்பம் என்று சொல்லும். 37ஆம் அறையின் படம் வேண்டும் என்றால் பிக்டிரில் 37ஆம் பதிவைப் பார், வோல் எண்ணை எடு, அந்தக் கோப்பைத் திற. திறக்க முடியவில்லையென்றால்? வேறு ஃப்ளாப்பியைப் போடச் சொல்.

நிறுவலை இவ்வளவு சுலபமாக்கியது இந்த ஒரு முடிவுதான். ஃப்ளாப்பியில் விளையாடுபவருக்கு வோல் கோப்புகள் வெவ்வேறு தட்டுகளில் இருக்கும், அவ்வப்போது மாற்றச் சொல்லும். ஹார்டு டிஸ்க்கில் எல்லாம் ஒரே டைரக்டரியில் இருப்பதால் கேட்க வேண்டிய சந்தர்ப்பமே வராது. விளையாட்டின் நிரலில் இதற்காக ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். எந்த அமைப்புக் கோப்பிலும் பாதை எழுத வேண்டாம். நகலெடுத்தால் போதும் என்ற நிலையை வடிவமைப்பிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். இதைச் செய்தவர்களுக்கு ஒரு சலாம்.

எலும்புக்கூடு

கீழே இருப்பது சியராவின் கோப்பு இல்லை. இந்த வகை நிறுவலைப் புரிந்துகொள்ள நானே எழுதியது. இரண்டு ஃப்ளாப்பிகள் என்றும், வோல்.2 இரண்டாவதில் மட்டும் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். கட்டளைகளை அவற்றின் ஒலிப்படியே தமிழில் தருகிறேன். ஏ: என்பது ஃப்ளாப்பி டிரைவ், சி: என்பது ஹார்டு டிஸ்க். எம்டி புது டைரக்டரியை உருவாக்கும், சிடி அதற்குள் போகும், எக்கோ திரையில் எழுதும், பாஸ் ஒரு விசைக்காகக் காத்திருக்கும், கோட்டூ முக்காற்புள்ளியோடு தொடங்கும் வரிக்குத் தாவும்.

எக்கோ ஆஃப்
இஃப் "%1"=="" கோட்டூ உதவி
%1
எம்டி \ஸ்பேஸ்
சிடி \ஸ்பேஸ்
காப்பி ஏ:*.*
:இரண்டு
எக்கோ இரண்டாம் ஃப்ளாப்பியை ஏ டிரைவில் போடவும்
பாஸ்
இஃப் நாட் எக்ஸிஸ்ட் ஏ:வோல்.2 கோட்டூ இரண்டு
காப்பி ஏ:*.*
கோட்டூ முடிவு
:உதவி
எக்கோ எந்த டிரைவில் நிறுவ வேண்டும் என்று சேர்த்துத் தட்டவும்
:முடிவு

பயன்படுத்துபவர் ஏ டிரைவில் முதல் ஃப்ளாப்பியைப் போட்டு "இன்ஸ்டால் சி:" என்று தட்டுவார். அந்த "சி:" என்பதுதான் %1. இரண்டாம் வரியில் மேற்கோள் குறிகள் ஏன் என்றால், பயனர் எதுவும் சேர்க்காமல் தட்டினால் %1 வெறுமையாகிவிடும். மேற்கோள் இல்லாவிட்டால் இஃப் வரியின் ஒரு பக்கம் காணாமல் போய், இலக்கணப் பிழை என்று டாஸ் திட்டும். மூன்றாம் வரி எனக்குப் பிடித்த வரி. அதில் %1 மட்டும்தான் இருக்கிறது. ஓடும்போது அது "சி:" என்று விரியும். டாஸில் "சி:" என்று தனியாகத் தட்டினால் அந்த டிரைவுக்கு மாறுவது என்று பொருள். ஆக, கொடுத்த உள்ளீடே கட்டளையாகிவிடுகிறது.

எம்டி, சிடி இரண்டையும் செய்துவிட்டு, காப்பி வரியில் எங்கே நகலெடுப்பது என்று சொல்லாமல் விட்டிருப்பதைக் கவனியுங்கள். வேண்டுமென்றேதான். "காப்பி ஏ:*.* சி:\ஸ்பேஸ்" என்று எழுதியிருந்து, ஏதோ காரணத்தால் ஸ்பேஸ் என்ற டைரக்டரி உருவாகாமல் போயிருந்தால், டாஸ் அதை ஒரு கோப்பின் பெயராக எடுத்துக்கொள்ளும். ஃப்ளாப்பியில் உள்ள கோப்புகளை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி ஸ்பேஸ் என்ற ஒற்றைக் கோப்பாக எழுதி வைத்துவிடும். பிழைச் செய்தி வராது. "ஒரு கோப்பு நகலெடுக்கப்பட்டது" என்று பெருமையாகச் சொல்லும். முதலில் உள்ளே போய் நின்றுகொண்டு அங்கிருந்து நகலெடுத்தால் இந்த ஆபத்து இல்லை.

டைரக்டரிகளையும் சேர்த்து நகலெடுக்கும் எக்ஸ்காப்பி கட்டளை ஏன் இல்லை? அது டாஸ் 3.2இல், 1986இல்தான் வந்தது. அதற்கு முந்தைய டாஸ் வைத்திருந்தவர்கள் நிறையப் பேர். அது தனி நிரல் கோப்பு வேறு. எங்கே இருக்கிறது என்று டாஸுக்குப் பாதை சொல்லியிருக்க வேண்டும். காப்பி, எம்டி, சிடி, எக்கோ போன்றவை கமாண்ட்.காமுக்குள்ளேயே இருப்பவை. எந்தக் கணினியிலும் கட்டாயம் இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. கமாண்ட்.காமின் ஒரு பகுதி நினைவகத்தில் நிரந்தரமாக இருக்காது. பெரிய நிரல் ஓடினால் அதன்மேல் எழுதப்பட்டுவிடும், பிறகு வட்டிலிருந்து மறுபடி படிக்க வேண்டும். ஃப்ளாப்பியிலிருந்து டாஸை எழுப்பியவருக்கு அப்போது "கமாண்ட்.காம் உள்ள ஃப்ளாப்பியைப் போடு" என்று கேள்வி வரும். நிறுவலுக்கு நடுவில் இந்தக் கேள்வி வந்தால் சாதாரணப் பயனர் குழம்பிப்போவார். உள்கட்டளைகளோடு நிறுத்திக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

எங்கே சிக்கும்

மேலே உள்ள கோப்பு பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. தர்க்கத்தில் தவறு இல்லை. ஆனால் முதல் ஃப்ளாப்பியில் மட்டும் இதை வைத்து ஓட்டினால் நிறுவல் ஒருபோதும் முடியாது.

காரணம், கமாண்ட்.காம் பேட்ச் கோப்பை முழுதாக நினைவகத்தில் ஏற்றிக்கொள்வதில்லை. கோப்பின் பெயர், அது இருக்கும் டிரைவ், பாதை, அடுத்து எந்த பைட்டிலிருந்து படிக்க வேண்டும் என்ற எண் ஆகியவற்றை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளும். ஒரு வரியைப் படிக்கும், கோப்பை மூடும், கட்டளையை நிறைவேற்றும், மறுபடி கோப்பைத் திறக்கும், குறித்த இடத்துக்குப் போகும், அடுத்த வரியைப் படிக்கும். ஃப்ளாப்பியிலிருந்து பேட்ச் ஓட்டியவர்களுக்கு ஒவ்வொரு வரிக்கும் டிரைவ் விளக்கு மினுக்குவது நினைவிருக்கும். நினைவகம் கேபி கணக்கில் விலைபோன காலத்தில் இது நியாயமான சிக்கனம்தான்.

இப்போது நம் கோப்பை நடத்திப் பார்ப்போம். முதல் காப்பி முடிந்தது. இரண்டாம் ஃப்ளாப்பியைப் போடச் சொல்லிப் பாஸ் நிற்கிறது. பயனர் சொன்னபடி முதல் ஃப்ளாப்பியை உருவிவிட்டு இரண்டாவதைப் போட்டு ஒரு விசையை அழுத்துகிறார். கமாண்ட்.காமுக்கு அடுத்த வரி வேண்டும். ஏ டிரைவில் இன்ஸ்டால்.பேட்டைத் தேடுகிறது. இல்லை. பேட்ச் கோப்பு உள்ள ஃப்ளாப்பியைப் போட்டு ஏதாவது விசையை அழுத்தச் சொல்கிறது. பயனர் முதல் ஃப்ளாப்பியைத் திரும்பப் போடுகிறார். அடுத்த வரி படிக்கப்படுகிறது. என்ன வரி அது? "ஏ டிரைவில் வோல்.2 இல்லையென்றால் இரண்டுக்குப் போ." ஏ டிரைவில் இப்போது இருப்பது முதல் ஃப்ளாப்பி. வோல்.2 இல்லை. மறுபடி இரண்டுக்குப் போகிறது. மறுபடி "இரண்டாம் ஃப்ளாப்பியைப் போடவும்". போட்டால் பேட்ச் கோப்பைக் கேட்கும். பேட்ச் கோப்பைக் கொடுத்தால் இரண்டாம் ஃப்ளாப்பியைக் கேட்கும். கண்ட்ரோல்-சி அழுத்தி, பேட்ச் வேலையை நிறுத்தட்டுமா என்ற கேள்விக்கு ஒய் என்று சொல்லித்தான் வெளியே வர வேண்டும்.

சரிபார்க்கும் இஃப் வரியை எடுத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். முதல் ஃப்ளாப்பி உள்ளே இருக்கும்போது இரண்டாம் காப்பி ஓடும். ஏற்கெனவே நகலெடுத்த அதே கோப்புகளை மறுபடி நகலெடுக்கும். அக்காலக் காப்பி, மேலெழுதட்டுமா என்று கேட்கவே கேட்காது. நிறுவல் வெற்றி என்று முடியும், விளையாட்டு பாதியில் நிற்கும். சுற்றிக்கொண்டே இருப்பது எவ்வளவோ மேல், அதாவது ஏதோ கோளாறு என்றாவது தெரியும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் புழக்கத்தில் இருந்தன. ஒன்று, எல்லா ஃப்ளாப்பியிலும் அதே இன்ஸ்டால்.பேட்டை வைப்பது. கமாண்ட்.காமுக்கு ஃப்ளாப்பி மாறியதைப் பற்றிக் கவலையில்லை. அதே பெயரில் கோப்பு இருக்கிறதா, குறித்த பைட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் அதற்கு முக்கியம். ஆனால் எல்லா நகல்களும் ஒரு பைட்டுகூட மாறாமல் இருக்க வேண்டும். இரண்டாம் ஃப்ளாப்பியில் உள்ளதில் யாராவது ஒரு குறிப்பு வரியைச் சேர்த்திருந்தாலும் போச்சு. குறித்த இடம் ஏதோ ஒரு சொல்லின் நடுவில் விழும், மீதித் துண்டைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு, இப்படி ஒரு கட்டளையோ கோப்போ இல்லை என்று டாஸ் சொல்லும்.

இரண்டாவது தீர்வு எனக்கு அழகாகப் படுகிறது. முதல் காப்பி வரி ஃப்ளாப்பியிலுள்ள எல்லாவற்றையும் சி டிரைவுக்குக் கொண்டுபோகிறது அல்லவா? அதோடு செகண்ட்.பேட் என்று இன்னொரு கோப்பும் போகட்டும். அடுத்த வரியில் "செகண்ட்" என்று மட்டும் எழுதினால் போதும். டாஸில் ஒரு பேட்ச் கோப்பு இன்னொன்றைப் பெயர் சொல்லி அழைத்தால் கட்டுப்பாடு திரும்பி வராது, அழைத்த கோப்பு அத்தோடு முடிந்தது. மற்ற இடங்களில் இது பெரும் தலைவலி. திரும்பி வர வேண்டுமென்றால் கமாண்ட்.காமையே மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது. 1987இல் டாஸ் 3.3 கால் என்ற கட்டளையைக் கொண்டுவந்த பிறகுதான் அது தீர்ந்தது. ஆனால் நிறுவலுக்கு இந்தக் குறையே வசதி. செகண்ட்.பேட் சி டிரைவில் உட்கார்ந்துகொண்டு ஓடுகிறது. ஏ டிரைவில் எந்த ஃப்ளாப்பியை வேண்டுமானாலும் போடலாம், உருவலாம். பேட்ச் கோப்பு இருக்கும் ஃப்ளாப்பியை அதற்கு அடியிலிருந்து உருவுவது, உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுவது மாதிரி. இரண்டாம் தீர்வு முதலில் வேறு கிளைக்குத் தாவிவிடுகிறது.

ஃப்ளாப்பி மாற்றுவது எவ்வளவு தூரம் இந்த விளையாட்டுகளின் அன்றாடமாக இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி, 1990இல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்ட தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட். அதில் காட்டுக்குள் ஒரு மரக்கட்டையைப் பார்த்தால் உள்ளே சுரங்கப் பாதை இருப்பதாகக் கதாநாயகன் வியப்பான். உடனே 22ஆம் ஃப்ளாப்பியைப் போடச் சொல்லும். அப்புறம் 36ஆவது. அப்புறம் 114ஆவது. பெட்டியில் அத்தனை ஃப்ளாப்பிகள் கிடையாது, வெறும் கேலி. ஆனால் நம்பிவிட்டவர்கள் நிறுவனத்தின் உதவித் தொலைபேசிக்குக் கூப்பிட்டு ஃப்ளாப்பி குறைகிறது என்று புகார் செய்தார்கள். பின்னால் வந்த சிடி பதிப்பில் அந்தக் கேலி இல்லை. 1991இல் வந்த இரண்டாம் பாகத்தில் கதாநாயகனே உதவித் தொலைபேசிக்குப் பேசும் காட்சி ஒன்றை வைத்துக் கேலியை அடுத்த படிக்குக் கொண்டுபோனார்கள். அதே இரண்டாம் பாகம் அமிகா கணினிக்கு 11 ஃப்ளாப்பிகளில் வந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், கேலியும் நிஜமும் அவ்வளவு தொலைவில் இல்லை.

கேள்வி கேட்கத் தெரியாது, தோல்வியும் தெரியாது

பேட்ச் மொழியில் பயனரிடம் ஒரு பதிலை வாங்க வழியே இல்லை. சாய்ஸ் என்ற கட்டளை 1993இல் எம்எஸ்-டாஸ் 6.0வோடுதான் வந்தது. அதுவரை "உங்கள் காட்சி அட்டை ஈஜிஏவா, சிஜிஏவா?" என்று எப்படிக் கேட்பது? கட்டளையோடு சேர்த்துத் தட்டச் சொல்லலாம். அதில் சின்ன எழுத்து, பெரிய எழுத்து வம்பு உண்டு. இஃப் ஒப்பீட்டுக்கு இரண்டும் வேறு வேறு, ஆகவே ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சோதிக்க வேண்டும். இன்னொரு வழி தந்திரமானது. டைப் கட்டளையால் ஒரு பட்டியலைத் திரையில் காட்டிவிட்டுப் பேட்ச் கோப்பு முடிந்துவிடும். பயனர் முன் நிற்பது வெறும் டாஸ் கேட்குறி. ஆனால் அந்த டைரக்டரியில் 1.பேட், 2.பேட், 3.பேட் என்று கோப்புகள் தயாராக இருக்கும். அவர் 2 என்று தட்டினால் 2.பேட் ஓடும். நிரல் காத்திருப்பதாக அவர் நினைத்துக்கொள்வார். உண்மையில் காத்திருப்பது டாஸ்.

சிலர் டாஸோடு வந்த டிபக் நிரலைக் கொண்டு சில பைட்டுகளே உள்ள ஒரு காம் கோப்பை, அதாவது ஒரு குட்டி நிரலைச் செய்து, அழுத்திய விசையின் எண்ணை, நிரல் முடியும்போது விட்டுச்செல்லும் எரர்லெவல் என்ற மதிப்பாகத் திருப்பச் சொன்னார்கள். அங்கேயும் ஒரு பொறி உண்டு: "இஃப் எரர்லெவல் 2" என்றால் இரண்டு என்று பொருள் இல்லை, இரண்டு அல்லது அதற்கு மேல். ஆகவே பெரிய எண்ணிலிருந்து கீழே இறங்கிச் சோதிக்க வேண்டும். ஏறு வரிசையில் எழுதினால் எதைத் தேர்ந்தாலும் முதல் தேர்வுக்கே போகும்.

ஏஜிஐ விளையாட்டுகளில் இந்தக் கேள்வியே எழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எல்லா அட்டைகளுக்கான ஓவிஎல் கோப்புகளும் சேர்ந்தே நகலாகிவிடும். எது வேண்டும் என்பது விளையாட்டு தொடங்கும்போதுதான் தீர்மானமாகும். சில கேபி வீண்தான். ஆனால் நிறுவல் கோப்பு ஊமையாகவே இருக்கலாம்.

தோல்வி விஷயம் இதைவிடத் தொந்தரவானது. காப்பி கட்டளை எரர்லெவலைத் தொடவே தொடாது. ஹார்டு டிஸ்க் நிரம்பிவிட்டால் இடம் போதவில்லை என்று திரையில் சொல்லிவிட்டு நின்றுவிடும். பேட்ச் கோப்புக்கு அது தெரியாது, அடுத்த வரிக்குப் போய் "நிறுவல் முடிந்தது" என்று எக்கோ செய்யும். 10 எம்பி வட்டில் கணக்குப் புத்தகமும் கடிதங்களும் விளையாட்டும் சேர்ந்து குடித்தனம் நடத்தியபோது இடம் தீர்ந்துபோவது சாதாரணம். கடைசியாக நகலாகும் கோப்பு வந்து சேர்ந்ததா என்று இஃப் எக்ஸிஸ்ட் போட்டுப் பார்ப்பது ஒன்றுதான் வழி. கவனமாக எழுதியவர்கள் அதைச் செய்தார்கள்.

ஒரு கோப்பு ஃப்ளாப்பியைவிடப் பெரிதாக இருந்தால் அதைத் துண்டாக்கி அனுப்பி, ஹார்டு டிஸ்க்கில் ஒட்ட வேண்டியிருந்தது. காப்பி கட்டளையே கூட்டல் குறி போட்டால் ஒட்டித் தரும். ஆனால் ஒட்டும்போது அது கோப்புகளை உரை என்றே எடுத்துக்கொள்ளும். உரையில் 26 என்ற மதிப்புள்ள பைட், அதாவது கண்ட்ரோல்-இசட், கோப்பின் முடிவைக் குறிக்கும். படமோ ஒலியோ உள்ள கோப்பில் அந்த பைட் எங்கே வேண்டுமானாலும் வரலாம். வந்த இடத்தோடு துண்டு அறுந்துபோகும். சாய்கோடு பி சேர்த்தால்தான் பைனரியாக ஒட்டும். இந்த ஒரு எழுத்தை விட்டுவிட்டால், கோப்புகள் எல்லாம் இருக்கும், பெயர்கள் சரியாக இருக்கும், அளவு மட்டும் குறைந்திருக்கும்.

நகலாகாத ஒன்று

இவ்வளவும் சரியாக நடந்தாலும் ஸ்பேஸ் குவெஸ்ட் அசல் ஃப்ளாப்பி இல்லாமல் தொடங்காது. ஏஜிஐ என்ற பெயரிலேயே இருந்த முக்கிய நிரல் கோப்பு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தது. அதைத் திறக்க வேண்டிய சாவியைத் தேடித் தொடக்க நிரல் ஏ டிரைவுக்குப் போகும். அசல் ஃப்ளாப்பியில் சாதாரண டாஸ் எழுத முடியாத விதத்தில் எழுதிய பகுதி ஒன்று இருந்தது. காப்பி கட்டளைக்குக் கோப்புகள் மட்டுமே தெரியும். அந்தப் பகுதி கோப்பே இல்லை. வட்டு முழுவதையும் நகலெடுக்கும் டிஸ்க்காப்பிகூட அங்கே தோற்றுவிடும். ஆக, ஹார்டு டிஸ்க்கில் நிறுவியவர் விளையாடும் ஒவ்வொரு முறையும் அசலை எடுத்து ஏ டிரைவில் போட வேண்டும். அது தேய்ந்தால், வளைந்தால், காபி கொட்டினால், ஹார்டு டிஸ்க்கில் இருப்பதும் பயனற்றது. காசு கொடுத்து வாங்கியவரைத்தான் இது வாட்டியது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சியராவும் பின்னர் இதைக் கைவிட்டுக் கையேட்டைப் பார்த்துப் பதில் சொல்லும் முறைக்கு மாறியது.

1988இல் கிங்ஸ் குவெஸ்ட் 4 புதிய எஸ்சிஐ இயந்திரத்தில் வந்தபோது நிறுவலின் தன்மையே மாறத் தொடங்கியது. அட்லிப், ரோலண்ட் எம்டி-32 என்று ஒலிக் கருவிகள் வந்துவிட்டன. எந்தக் காட்சி, எந்த ஒலி, சுட்டி உண்டா என்று வரிவரியாக எழுதிய ரிசோர்ஸ்.சிஎஃப்ஜி என்ற உரைக் கோப்பு தேவைப்பட்டது. அதைக் கேள்வி கேட்டு எழுத, கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு நிரல் வேண்டும். அப்படித்தான் இன்ஸ்டால்.எக்ஸ்இ வந்தது. பிறகு கோப்புகளைச் சுருக்கி அனுப்பும் பழக்கமும் சேர்ந்துகொள்ள, பேட்ச் கோப்பு வெறும் வாசல்காப்பானாகிவிட்டது. 1993இல் வந்த டூம் சாகச விளையாட்டு இல்லைதான், ஆனாலும் அதன் இலவசப் பதிப்பில் ஓர் இன்ஸ்டால்.பேட் இருந்தது; அது டீஐஸ் என்ற பிரிப்பு நிரலை எழுப்பிவிடும், மீதி வேலை எல்லாம் அதனுடையது.

இந்த மாற்றத்தில் ஒரு வசதி போனது. பேட்ச் கோப்பில் ஏ டிரைவ் என்று கட்டாயமாக எழுதியிருந்து, உங்களிடம் மூன்றரை அங்குல டிரைவ் பி ஆக இருந்தால், டைப் போட்டுப் படித்து, எட்லின் என்ற உரைத் திருத்தியில் திறந்து, ஏ இருக்கும் இடங்களில் பி என்று மாற்றி ஓட்டலாம். எக்ஸ்இ அப்படிச் சொன்னால் அசைன் கட்டளையால் டிரைவ் பெயரையே மாற்றி ஏமாற்றப் பார்க்க வேண்டும்.

இன்று ஓட்ட நினைப்பவருக்கு

ஏஜிஐ விளையாட்டுகளை ஓட்ட, பழைய சாகச விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓடவைக்கும் ஸ்கம்விஎம் என்ற நிரல் போதும். 2007இல் வந்த 0.10.0 பதிப்பிலிருந்து அதில் ஏஜிஐ ஆதரவு உண்டு. அது சியராவின் இயந்திரத்தைப் பயன்படுத்துவதில்லை, அதன் இடத்தில் தானே உட்கார்ந்துகொள்கிறது. அதனால் மறையாக்கம் செய்த நிரலும் சாவியும் தேவையே இல்லை. வோல் கோப்புகள், நான்கு டிர் அட்டவணைகள், ஆப்ஜெக்ட், வேர்ட்ஸ்.டாக் ஆகியவற்றை ஒரு கோப்புறையில் போட்டால் விளையாட்டு ஓடும். அதாவது அன்று பேட்ச் கோப்பு நகலெடுக்க முடிந்தவை மட்டும் போதும்.

பழைய இன்ஸ்டால்.பேட்டையே ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால், பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற நிரலில் ஒரு கோப்புறையை ஏ டிரைவாக மவுண்ட் செய்து, எல்லா ஃப்ளாப்பிகளின் கோப்புகளையும் அதில் கொட்டிவிடலாம். பாஸ் வரும்போது வெறுமனே ஒரு விசையை அழுத்தினால் போதும். இஃப் எக்ஸிஸ்ட் தேடும் கோப்பு ஏற்கெனவே அங்கே இருக்கும். ஃப்ளாப்பிகளைத் தனித்தனிப் பிம்பங்களாக, அதாவது முழு வட்டின் நகலான கோப்புகளாக வைத்திருந்தால் அவற்றைச் சேர்த்து மவுண்ட் செய்து, கண்ட்ரோலோடு எஃப்4 அழுத்தி ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே விளையாட்டின் ஐந்தேகால் அங்குலத் தொகுப்பையும் மூன்றரை அங்குலத் தொகுப்பையும் கலக்கக் கூடாது. அட்டவணையில் இருப்பது கோப்பு எண்ணும் பைட் இடமும். ஃப்ளாப்பியின் கொள்ளளவு மாறினால் இரண்டும் மாறிவிடும். எஸ்சிஐயின் அட்டவணைக் கோப்பான ரிசோர்ஸ்.மேப்பில் ஒரே படத்துக்குப் பல பதிவுகள்கூட இருக்கும், ஃப்ளாப்பி மாற்றும் தொல்லையைக் குறைக்க ஒரே படத்தை இரண்டு மூன்று ஃப்ளாப்பிகளில் திரும்ப வைத்ததால். காணாமல் போன ரிசோர்ஸ்.003 என்ற தரவுக் கோப்பை வேறு தொகுப்பிலிருந்து எடுத்துப் போட்டால் விளையாட்டு தொடங்கும், முதல் சில அறைகள் வரும், அப்புறம் ஓர் அறையில் நின்றுவிடும். ஒரு கோப்பு போயிருந்தால், முழுத் தொகுப்பையும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள்.